பிரேக் பிடிக்காத பயம்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழமோ பிஸ்கட் பாக்கெட்டோ மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எதுக்கும்மா பயம்?"

எனக்குக் கோபம்தான் வரும். எதற்கென்று தெரிந்தால் நான் ஏன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கிறேன்? நாய் துரத்தினால் ஓடுகிறோம். நாய் போய்விட்டால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். எனக்கு நாயே கிடையாது. ஓட்டம் மட்டும் இருக்கிறது.

உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். திடீரென்று நெஞ்சு தடதடக்கும். உள்ளங்கை வேர்த்து, வாய் உலர்ந்து, ஏதோ நடக்கப்போகிறது, இல்லை, நடந்தே விட்டது என்று உடம்பு மொத்தமும் கத்தும். மனசு கத்துவதில்லை, உடம்புதான். மனசு பாவம், உடம்பு இவ்வளவு கத்துகிறதே, ஏதாவது காரணம் இருக்கும் என்று தேடிக்கொண்டு ஓடும். அது தேடிப் பிடிக்கிற காரணம் எப்போதும் என் மகள்தான். பாப்பா தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டாள், பாப்பா ரோட்டில் இறங்கிவிட்டாள், பாப்பாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. இந்த நோயில் நான் இழந்துவிடுவேனோ என்று பயந்ததும் அவளைத்தான். ஐந்து வயதாகிறது. பெயர் யாழினி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டால்தான் அந்தப் பெயர் அவளுக்கு ஞாபகம் வரும், மற்றபடி எங்களுக்கெல்லாம் பாப்பா.

இப்போது உடம்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கை நடுங்காத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். ரோஜாத் தோட்டத்தில் ஓஸ் பைப் இழுக்கிற பெண்கள் யாராவது இதைப் படித்தால் நல்லது. அவர்கள் வீட்டு ஆண்கள் படித்தால் இன்னும் நல்லது.

எனக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். மானாவாரி நிலம், மழை வந்தால் கடலை, வராவிட்டால் கட்டாந்தரை. கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். என் கணவர் மாதேஷ் வண்டிப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் பாகலூர் ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் சேர்ந்தேன். தோட்டம் என்றால் வெட்டவெளி இல்லை. பாலிஹவுஸ் என்று சொல்கிற பெரிய பிளாஸ்டிக் கூடாரம். உள்ளே வரிசை வரிசையாக ரோஜா. அந்தப் பூ ஒன்றுகூட நம் ஊர்த் தலையில் ஏறாது. பிப்ரவரியில் காதலர் தினத்துக்காக விமானம் ஏறிப் போய்விடும்.

அந்த பிப்ரவரிப் பூவுக்காக மார்கழி, தை முழுக்க எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இலைப்பேன் விழுந்தால் மொட்டு கறுத்துவிடும், பூ கழிவில் போய்விடும். அதனால் விடியற்காலையிலேயே மருந்து அடிப்பார்கள். பூச்சிக்கொல்லியை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். காற்றில் வீணாகிவிடக் கூடாது என்று கூடாரத்தின் பக்கத் திரைகளை இறக்கிவிட்டுத்தான் அடிப்பது. முன்னால் மருந்தைப் பீய்ச்சுகிற கன் பிடிக்கிற ஆளுக்கு பிளாஸ்டிக் கோட்டும் முகமூடியும் உண்டு. அவருக்குப் பின்னால் ஓஸ் முள்ளில் மாட்டாமல் தூக்கி இழுத்துக்கொண்டு போகிற பெண்களுக்கு எதுவும் இல்லை. நாங்கள் மருந்தைத் தொடவே இல்லையே, ஓஸைத்தானே தொடுகிறோம் என்பது மேனேஜரின் கணக்கு. அடித்த மருந்து பனி மாதிரி மேலேயிருந்து இறங்கி எங்கள் தோள்மேல்தான் உட்காரும்.

தோள்மேல் ஸ்வெட்டர் இருந்தது. ஓசூர்க் குளிரில் விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. மாதேஷ் எங்கள் முதல் மார்கழியில் ரோட்டோரக் கடையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது, மெரூன் கலர். சீசன் முழுக்க அதைத் துவைக்க மாட்டேன். நான் மட்டுமில்லை, யாரும் துவைக்க மாட்டோம். கனத்த கம்பளி, இங்கே அடிக்கிற பனிக்கு லேசில் காயாது. மறுநாள் விடிகாலை ஈரத்தோடு போட்டுக்கொண்டு போவதா? அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உதறி ஆணியில் மாட்டுவோம், சீசன் முடிந்து வெயில் வந்தபிறகு ஒரேயடியாக சோப்புப் போட்டு அலசுவோம். அழுக்குப் பிடித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றத் துணிகளை நான் துவைக்கிற துவையில் கல்லே தேய்ந்துபோகும்.

நான் ஸ்வெட்டரோடு வீட்டுப்படி ஏறினால் பாப்பா ஓடிவந்து கீழேயிருந்து அதற்குள் தலையை நுழைத்துக்கொள்வாள். கழுத்து வழியாக வெளியே எட்டிப் பார்த்து, "அம்மாவுக்கு ரெண்டு தலை" என்று கத்துவாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் அன்றாட விளையாட்டு.

பயம் முதலில் மருந்து அடித்த நாட்களில் மட்டும்தான் வந்தது. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், யாரோ பின்னால் நிற்பதுபோல இருக்கும். என்னோடு ஓஸ் இழுக்கிற கௌரம்மாவிடம் சொன்னேன்.

"எனக்குந்தான் செல்வி. மருந்து அடிச்ச அன்னிக்கு நெஞ்சு பக்கு பக்குங்குது. வெல்லம் போட்டு டீ குடி, அடங்கிடும்" என்றாள்.

டீ குடித்தேன், அடங்கியது. அடுத்த சீசனில் ஒரு டீயில் அடங்கவில்லை. அதற்கடுத்த சீசனில் மருந்து அடிக்காத நாளிலும் வந்தது. பிறகு சீசனே இல்லாத வெயில் காலத்தில், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வந்தது. மருந்துக்கும் பயத்துக்கும் முடிச்சுப் போட எனக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை. ஓசூரில் ஒரு டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார், தைராய்டு பார்த்தார். எல்லாம் நார்மல். "டென்ஷன் எடுத்துக்காதீங்கம்மா" என்றார். நானா கடைக்குப் போய் எடுத்துக்கொண்டு வருகிறேன்?

போன தை மாதம் பூ கட்டுகிற கொட்டகையில் விழுந்தேன். ஒரு பூக்கட்டுக்கு ரப்பர் பேண்ட் மாட்டியது ஞாபகமிருக்கிறது. அதன்பிறகு தரையின் குளிர்ச்சிதான் ஞாபகம். வாயில் ரத்தச் சுவை, நாக்கு கடிபட்டிருந்தது. என் உள்ளங்கையில் ஒரு சாவிக்கொத்தை வைத்து விரல்களை மூடி அழுத்திக்கொண்டிருந்தாள் கௌரம்மா. வலிப்பு வந்தால் இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது ஒன்றுக்கும் உதவாது, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும் என்று பின்னால் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் கண் விழித்தபோது அந்தச் சாவிக்கொத்து எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓசூரில் தலையை ஸ்கேன் செய்தார்கள். "ஸ்கேன் கிளியர்" என்று மாதேஷ் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். நானும் சிரித்தேன். தலைக்குள் கட்டி இல்லை, அடைப்பு இல்லை. எனக்கு வந்த கோளாறு ஸ்கேனுக்குத் தெரியாத கோளாறு என்பது அன்று இரண்டு பேருக்கும் தெரியாது. தோட்டத்தில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மட்டில் மருந்தோடு என் சங்காத்தம் முடிந்தது என்றே நினைத்தேன்.

இரண்டாவது வலிப்பு வீட்டில் வந்தது. பாப்பாவுக்குத் தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாயில் வைத்த கையோடு அவள்மேலேயே சாய்ந்துவிட்டேனாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து என்னைப் புரட்டித்தான் அவளை வெளியே எடுத்தார்களாம். எனக்கு நினைவு திரும்பியபோது அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் சோறு ஒட்டியிருந்தது. "வா பாப்பா" என்றேன். வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு இன்னும் பின்னால் போனாள்.

செத்தாலும் அந்த முகம் எனக்கு மறக்காது.

மறுநாளே என்னைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போனார் மாதேஷ். பாப்பாவைத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற என் அக்கா சாந்தி வந்து கூட்டிக்கொண்டு போனாள். பாப்பாவுக்குப் பையில் துணி எடுத்து வைத்தது மாதேஷ். நான் அரை மயக்கத்தில் படுத்திருந்தேன், எதையும் பார்க்கவில்லை.

அத்திப்பள்ளியில் எல்லையைத் தாண்டியதும் போர்டுகளின் எழுத்து மாறும், பஸ்ஸுக்குள் பேச்சு மாறாது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தே ஓடும். அந்தப் பெரிய நரம்பு ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடமும் அப்படித்தான் இருந்தது. செய்தித்தாளை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்திருந்தார்கள். சோற்று மூட்டையைப் பிரித்தவர்கள் பக்கத்திலிருந்தவர்களுக்கும் ஒரு கை நீட்டினார்கள். டோக்கன் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. "ஹெதரபேடம்மா" என்றார் ஒரு நர்ஸ், பயப்படாதே என்று. எந்த மொழியில் சொன்னாலும் அதைச் சொல்வது மட்டும் சுலபமாகத்தான் இருக்கிறது.

இ.இ.ஜி. என்று ஒன்று எடுத்தார்கள். தலைமுடிக்குள் பசை தடவி ஒயர்களை ஒட்டி, மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தைக் கோடு கோடாக எழுதுகிற சோதனை. வலி இல்லை. கண்ணை மூடச் சொல்லி, விளக்கைப் படபடவென்று அடித்து, ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்னார்கள். பசை முடியில் காய்ந்து கட்டி கட்டியாக நின்றது. வார்டில் உட்கார்த்தி வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஒவ்வொரு முடியாக அதை எடுத்துவிட்டவர் மாதேஷ். இரும்பைத் தூக்கிப் பழகிய கை, சிக்கெடுக்கத் தெரியாமல் தடுமாறியது. பக்கத்துப் படுக்கை அம்மா பார்த்துச் சிரித்தாள். "சிரிக்காதீங்கம்மா, மெஷின்ல ஓவர்டைம் இல்ல, அதான் இங்க பாக்கறன்" என்றார். பில் வந்தால் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். என்ன அது என்று கேட்டால், "எனக்கு வந்த லெட்டர், உனக்கெதுக்கு?" என்பார்.

என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு வீட்டுமொழி கன்னடம், தமிழ் நன்றாகவே பேசினார். ஓசூரில் யாரும் கேட்காத கேள்வியை அவர்தான் கேட்டார். என்ன வேலை செய்தீர்கள்? அந்த வேலையில் கையால் என்ன செய்வீர்கள், எங்கே நிற்பீர்கள்? சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்ன மருந்து அடித்தார்கள் என்றார். கௌரம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் காலி பாட்டிலை போட்டோ பிடித்து அனுப்பினாள். அதிலிருந்த பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தார்.

"பைக் ஓட்டுவீங்களா?" என்று மாதேஷிடம் கேட்டார். பிறகு எனக்குச் சொன்னார். "மூளைக்கு ஆக்ஸிலேட்டர் இருக்கு, பிரேக்கும் இருக்கு. அந்த பிரேக் வேலையைச் செய்யற பொருளுக்கு காபான்னு பேரு. ஒரு நரம்பு ரொம்பத் துடிச்சா, காபா போய் அதுல ஒரு சின்னக் கதவைத் திறக்கும். நரம்பு அமைதியாயிடும். நீங்க இழுத்த ஓஸ்ல வந்த மருந்து அந்தக் கதவை அடைக்கற மருந்து. பூச்சி அதனாலதான் துடிதுடிச்சுச் சாவுது."

"நான் பூச்சி இல்லீங்களே டாக்டர்?"

"இல்ல. பூச்சிக்கு ஒட்டற அளவுக்கு மனுஷங்களுக்கு ஒட்டாது. ஒரு தடவை பட்டா கதவு மறுபடி திறந்துக்கும். ஆனா நீங்க வருஷா வருஷம், மூடின கூடாரத்துக்குள்ள. ஒவ்வொரு தடவையும் பிரேக் அடைபட்டு அடைபட்டு, மூளை அதுக்குத் தகுந்த மாதிரி மாறிடுச்சுன்னு நினைக்கறேன். இப்ப மருந்தே இல்லாம, ஒரு டோக்கன் சத்தத்துக்கே பத்திக்குது."

சூடு ஆறாத அடுப்பு ஒரு ஓலைக்கே பற்றிக்கொள்கிற மாதிரியா என்று கேட்டேன். அதேதான் என்றார். இது மருந்தால் வந்ததுதான் என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டதற்கு, அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது, நிரூபிக்க ஒரு சோதனையும் கையில் இல்லை என்றார். ஒன்றை மட்டும் நான் பயந்து பயந்து கேட்டேன்.

"அந்த பிரேக் திரும்ப வருமா?"

"கொஞ்சம் வரும். முழுசா வரும்னு சொன்னா நான் பொய் சொல்றதா ஆகும்."

அன்று வார்டுக்குத் திரும்பிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். சாவு வரும் என்று சொல்லியிருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டேன். மிச்ச ஆயுள் முழுக்க இப்படியே பயந்துகொண்டு, பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூட நம்பிக்கை இல்லாமல் இருப்பதற்கு எதற்கு ஆயுள்?

பிரேக்கை அழுத்திப் பிடிக்கிற மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கினால் பயம் தூரத்தில் போய் நிற்கும். கூடவே உலகமும் தூரத்தில் போய்விடும். நாக்கு தடிக்கும், நடந்தால் கால் பஞ்சாக இருக்கும். அதையும் ரொம்ப நாள் கொடுக்க முடியாதாம், மூளை அதற்கும் பழகிவிடுமாம். அதனால் வலிப்புக்கு வேறு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே இதைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். குறைக்கிற ஒவ்வொரு தடவையும் பயம் விட்ட இடத்திலிருந்து கிளம்பி வந்தது.

அதற்காக ஒரு பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். பயம் வந்தால் ஓடக் கூடாது. கண் முன்னால் ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால், "இது என் பயம் இல்லை, மருந்தின் பயம்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். முதலில் எனக்கு இது கேலிக்கூத்தாகப் பட்டது. ஒரு நாள் சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் யாரோ எடுத்தார்கள், பேச்சில்லை, டமார் டமார் என்று வெடிச்சத்தமும் கூச்சலும்தான் கேட்டது. பாப்பா போய்விட்டாள் என்று நான் வார்டே அதிர அலறினேன். நர்ஸும் மாதேஷும் சேர்ந்து பிடித்துக்கொள்ளவேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அக்காவே கூப்பிட்டாள்.

"ராகிக் கொல்லைல ஆனை பூந்துடுச்சுடி. பட்டாசு வெச்சுத் தொரத்திக்கினு இருந்தோம். பாப்பாவா? அது உள்ள குந்திக்கினு டிவி பாக்குது. நீ எதுக்கு ஒப்பாரி வெக்கற?"

அன்றிலிருந்து அந்தப் பயிற்சியை நான் ஒழுங்காகச் செய்தேன். வார்டில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. பயம் வந்தால் அதைப் பார்த்து, நீ பொய், போ என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அடுத்த வாரங்களில் அக்கா போனில் ஒன்று சொல்ல ஆரம்பித்தாள். பாப்பா சரியாகத் தூங்குவதில்லையாம். தட்டு விழுந்தால் தூக்கிவாரிப் போடுகிறதாம். மத்தியானத் தூக்கத்தில் திடுக்கென்று எழுந்து அழுகிறதாம். "உன்னயத் தேடுது, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். ஏதோ சரியில்லை, போய்ப் பார்க்கவேண்டும் என்று உடம்பு கத்தியது. மாதேஷிடம் சொன்னேன்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? ஆதாரம் இருக்குதா பாரு. அம்மாவ உட்டுட்டு இருக்கற கொழந்த அழத்தான் செய்யும். நீ நல்லாயிட்டு வா, எல்லாம் சரியாய்டும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் கண்ணை மூடி, இது என் பயம் இல்லை, மருந்தின் பயம் என்று சொன்னேன். அக்கா திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, நானும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு பயத்தை அடக்கியதற்குத்தான் அந்த வாரம் டாக்டரம்மா என் தோளில் தட்டி, "வெரி குட் செல்வி" என்றார்.

டிஸ்சார்ஜ் அன்று அவர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, வீட்டில் செய்யவேண்டியதைச் சொன்னார். மாத்திரையைத் தவறவிடக் கூடாது. தூக்கம் கெடக் கூடாது. தனியாக அடுப்பு, கிணறு, வண்டி கூடாது. எழுந்திருக்கும் சமயத்தில் போகிறபோக்கில் கேட்டார், "தோட்டத்துக்குப் போட்டுட்டுப் போன துணி ஏதாவது வீட்ல இருக்கா? இருந்தா கிளவுஸ் போட்டு எடுத்துக் கட்டி அப்புறப்படுத்திடுங்க."

"புடவையெல்லாம் துவைச்சாச்சுங்க. ஸ்வெட்டர் ஒண்ணுதான்" என்றேன். ஆணியில் மாட்டியது அப்படியே இருக்கும். சீசன் முடியுமுன்பே நான் விழுந்துவிட்டேனே, அதைத் துவைக்க யார் இருந்தார்கள்? "போனதும் எடுத்துடலாங்க" என்று மாதேஷைப் பார்த்தேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏங்க, ஸ்வெட்டர் எங்க?"

"பாப்பா கேட்டுச்சு செல்வி" என்றார். "அன்னிக்கு அக்கா கூட்டினு போறப்ப, அம்மா ஸ்வெட்டர் வேணும்னு ஒரே அழுக. அம்மா வாசன வருதுன்னு. உன்ன உட்டுட்டுப் போவுது, இதாவது இருக்கட்டுமேன்னு நாந்தான் பையில வெச்சன். அத்தப் போத்திக்கினாத்தான் தூங்குதாம்."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இப்பவே கிளம்புங்க" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஓசூர், ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை. அந்தப் பஸ் பயணத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது. அக்காவுக்குப் போன் போட்டால் அன்று பார்த்து டவர் கிடைக்கவில்லை. மாதேஷ் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாசமாகச் செய்த ஒரு காரியத்துக்கு ஒரு மனுஷனை எப்படித் திட்டுவது? உடம்பு கத்திக்கொண்டே வந்தது. வழக்கம்போல, இது என் பயம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு வரிதான் எனக்குப் பிடிமானமாக இருந்தது. அதுவும் போய்விட்டது.

நாங்கள் போனபோது பாப்பா நடுவீட்டில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பகல் வெளிச்சத்தில் அந்த மெரூன் கலர் பளிச்சென்று தெரிந்தது. பாதியைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தாள், பாதியைக் கழுத்துவரை போர்த்தியிருந்தாள். ஸ்வெட்டர்க் கையின் நுனியை வாய்க்குள் வைத்திருந்தாள். அந்த நுனி சப்பிச் சப்பி ஈரமாகி, நிறம் வெளுத்திருந்தது.

"தெனம் அப்டித்தான்டி சப்பினே தூங்கும். துவைக்கலாம்னு எடுத்தா உடாது. வாசன பூடுமாம்" என்று அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மாதேஷ் கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு அவள் வாயிலிருந்து அதை மெதுவாக எடுத்தார். அவள் விழித்துக்கொண்டாள். எடுத்துச் சுருட்டிக் கவருக்குள் போடுவதைப் பார்த்தாள். அன்றைக்குப் போல என்னைக் கண்டு பின்னால் போய்விடுவாளோ என்று நினைத்தபடியே நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மாதேஷின் காலைக் கட்டிப் பிடித்து, கவரைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு வீறிட்டாள்.

"அம்மா வேணும், அம்மா வேணும், அம்மாவக் குடு!"

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா அதை அடுப்பில் போடப்போனாள், புகை இன்னும் மோசம் என்று தடுத்து, கவருக்குமேல் கவர் கட்டி ஆஸ்பத்திரிக்கே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம். கௌரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "எம் பேரன் என் ஸ்வெட்டர்லதான் தூங்கறான் செல்வி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

பாப்பாவின் தலையிலும் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். அசையாமல் இருக்கவேண்டும் என்பதால் தூங்கவைத்து எடுத்தார்கள். கோடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்றார் டாக்டரம்மா. அவள் உடம்புக்குள் எவ்வளவு போனது, போனதா இல்லையா என்பதைச் சொல்ல முடியாது. திடுக்கிட்டு எழுவது அம்மாவைப் பிரிந்ததாலும் இருக்கலாம், கண் முன்னால் அம்மா விழுந்ததைப் பார்த்ததாலும் இருக்கலாம். காத்திருந்து பார்க்கவேண்டும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். வளர்கிற பிள்ளை, வளரவளரத்தான் தெரியும் என்றார்.

இப்போது அவள் எங்களோடுதான் இருக்கிறாள். என்னிடம் வருகிறாள். வந்ததும் முதலில் என் கழுத்தை மோந்து பார்ப்பாள், சோப்பு வாசனைதான் வரும், பிடிக்காமல் முகத்தைச் சுளிப்பாள். மடியில் வைத்துக்கொள்ளும்போது மாதேஷ் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. எனக்குப் பயம் வருவது நிற்கவில்லை. நின்றுவிடும் என்று யாரும் சொல்லவும் இல்லை. முன்பு பயம் வந்தால் அது பொய் என்று சொல்ல ஒரு வழி இருந்தது, இப்போது எது பொய், எது நிஜம் என்று எனக்குத் தெரிவதில்லை. அதனால் எல்லாப் பயத்தையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவள் மூச்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். தெருவில் சத்தமில்லை, நாய்கூட இல்லை. கைக்குள் இருந்த அவள் தலை திடீரென்று விறைத்தது. திரும்பி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வேர்த்திருந்தது.

"அம்மா, பயமா இருக்குது."

வாய்தவறி, ஊரே என்னிடம் கேட்ட அதே கேள்வியை நான் அவளிடம் கேட்டுவிட்டேன். "எதுக்கு பாப்பா பயம்?"

தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பொறுமையாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தெரியலம்மா" என்றாள்.